கல்யாணத்துக்கு முன் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 23. வலிப்புக்காக சோடியம் வால்ப்ரோயேட் 500 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறாள். தை மாதம் கல்யாணம். இந்த மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள். இப்போதே நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 100க்கு சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு பேச்சு, கற்றல் போன்ற வளர்ச்சியில் பின்னடைவும் வருகின்றன. அதனால் இப்போதே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை மாற்றப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும்.

பெரும்பாலும் லெவெடிராசெட்டம் அல்லது லாமோட்ரிஜின் தருவார்கள். முதலாவதில் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். இரண்டாவதில்தான் கூடுதல் கவனம் தேவை. வால்ப்ரோயேட், லாமோட்ரிஜினை உடலிலிருந்து வெளியேறவிடாமல் தேக்கிவைக்கும். ஆகவே மாத்திரை மாற்றும் காலத்தில் இரண்டும் சேரும்போது லாமோட்ரிஜினின் வழக்கமான தொடக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி., இரண்டு வாரம்; பிறகு இரண்டு வாரம் தினம் 25 மி.கி. அவசரப்பட்டுக் கூட்டினால் தோல் உரியும் கடும் ஒவ்வாமை வரலாம். தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லாமோட்ரிஜின் சாப்பிடுவது ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையும், கர்ப்பமும் ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவைக் குறைத்துவிடும். கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். பலருக்கு 5 மி.கி. தருகிறார்கள்.