சொந்தமாக அமைத்த புதிர் லெவல்களுக்கு வரும் கருத்துகளில் எதை ஏற்பது?

பெட்டிகளைத் தள்ளி இலக்குக் கட்டங்களில் சேர்க்கும் சோகோபான் வகை விளையாட்டுக்கு நீங்களே லெவல்கள் அமைப்பதாகவும், விளையாடியவர்களின் கருத்துகள் ஒன்றோடொன்று முரண்படுவதால் எதை ஏற்பதென்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மொரிசியசின் ரோஸ் ஹில்லில், உறவுக்காரப் பிள்ளைகளை விளையாட வைத்து லெவல்களைத் திருத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் வாயால் சொல்வதைவிட, கை எங்கே தயங்கியது என்பதையே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் அமைத்த லெவலை என் அக்காள் மகள் விளையாடினாள். வெகுநேரம் போராடிவிட்டு, 'த்ரோ திஃபிசில்' என்று கிரியோலில் சொல்லி எழுந்துவிட்டாள். அதை மட்டும் கேட்டிருந்தால், கடினமாக இருக்கிறதென்று தம்பி ஒரு பெட்டியைக் குறைத்திருப்பார். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்த எங்களுக்குத் தெரிந்தது வேறு. தொடக்கத்திலேயே அவள் ஒரு பெட்டியை மேல் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டாள். சோகோபானில் பெட்டியைத் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மூலைக்கு மூலை இடைவெளியில்லாத அந்தச் சுவரோரம் இலக்குக் கட்டமும் இல்லாததால், பெட்டி அங்கிருந்து மீள வழியே இல்லை. ஆட்டம் அப்போதே முடிந்துவிட்டது என்பதை அறியாமல்தான் மீதி நேரம் முழுவதும் அவள் முயன்றுகொண்டிருந்தாள். தம்பி அந்தப் பெட்டியின் தொடக்க இடத்தை மட்டும் மாற்றி, தவறாகத் தள்ளினால் உடனே மூலையில் முட்டும்படி செய்தார். புதிரின் கரு மாறவில்லை. அடுத்து விளையாடியவர்கள் தவற்றை அந்த இடத்திலேயே கண்டு பின்வாங்கினார்கள்.

நீங்கள் நினைத்தும் பாராத வழியில் ஒருவர் தீர்த்துவிட்டால், அதைவிட மதிப்புள்ள கருத்து வேறில்லை. 2015இல் வந்த சூப்பர் மாரியோ மேக்கர் விளையாட்டில், லெவலை அமைத்தவரே அதை முடித்துக் காட்டினால்தான் பதிவேற்ற முடிந்தது. ஆனால் தீர்வு உண்டு என்பதற்குத்தான் அது உறுதி, குறுக்குவழி இல்லை என்பதற்கு அல்ல. குறுக்குவழி உங்கள் கருவையே தாண்டிச் சென்றால் ஒரு சுவர் வைத்து அடைத்துவிடுங்கள். உங்கள் தீர்வைவிட அழகாக இருந்தால், தயங்காமல் அதையே லெவலின் மையமாக்குங்கள்.

நிறம், இசை பற்றிய யோசனைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொலைவில் இருப்பவர்களிடம் நட்சத்திர மதிப்பெண் கேட்பதற்குப் பதிலாக அவர்களின் நகர்வுகளைக் கேளுங்கள். சோகோபான் ஆர்வலர்கள் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கையும் நான்கு ஆங்கில எழுத்துகளால் குறித்து, பெட்டியைத் தள்ளும் நகர்வைப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். முடிக்காமல் விட்டவரின் அந்த ஒரு வரி கிடைத்தாலே, அவர் எங்கே சிக்கினார் என்பதை நீங்களே ஓட்டிப் பார்த்துவிடலாம்.