மழை நாள்ல யாருக்கு லீவு?

வணக்கம் அக்கா,

நாங்க சென்னைல தாம்பரத்துக்கிட்ட முடிச்சூர் பக்கம் இருக்கோம். நாலஞ்சு நாளா விடாம மழை. பசங்களுக்கு கலெக்டர் லீவு விட்டுட்டாரு, வீட்டுக்காரருக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், மாமியாரும் கூட இருக்காங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பாத்தா எல்லாரும் ஜன்னல், காபி, பஜ்ஜி தட்டுன்னு போட்டோவா போடறாங்க. எனக்கு காலைலேர்ந்து அடுப்படிதான். கொடியில காயாத துணி, வீடு பூரா மக்கின வாடை. மழைக்கு வீட்டுல இருக்கறது சுகம்னு சொல்றாங்களே, அது எங்கக்கா இருக்கு? பேர் போட வேணாம்.

ஒரு வாசகி

வணக்கம்மா,

உங்க லெட்டர படிச்சுட்டு என் போன்ல இருந்த ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் திரும்ப தள்ளித் தள்ளி பாத்தேன். ஒண்ணுல கூட பஜ்ஜி போட்டவங்க இல்ல. தட்டு இருக்கு, சட்னி இருக்கு, பின்னாடி மழை இருக்கு, போட்டவங்க உள்ள அடுத்த ஈடு போட்டுட்டு இருப்பாங்க, அவங்க வந்து உக்காரும்போது பஜ்ஜி ஆறியிருக்கும், மழையும் விட்டிருக்கும்.

நீங்க முடிச்சூர்னு வேற சொல்றீங்க. 2015 டிசம்பர் 1 மழையில தாம்பரத்துல மட்டும் 24 மணி நேரத்துல 49 செ.மீ. கொட்டுச்சு, உங்க பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. அத பாத்தவங்களுக்கு தண்ணி வாசப்படி ஏறாம இருக்கறதே பெரிய சுகம்தான், அங்க போய் காபி கவிதை சொல்ல எனக்கு வாய் வராது. அதனால தண்ணி வெளியவே இருக்குன்னு வெச்சுக்கிட்டு பேசறேன்.

சென்னைக்கு வருஷத்துக்கு சுமார் 140 செ.மீ. மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ளயே பேஞ்சு முடிஞ்சிரும். அப்ப இது ஒரு ஞாயித்துக்கிழமை சமாச்சாரம் இல்ல. தினம் வாணலி வெச்சா எண்ணெயும் தாங்காது, ஆளும் தாங்காது.

என்னைக் கேட்டா முதல் சுகம் காஞ்ச துணிதான். காத்துல ஈரம் நெறஞ்சு கெடக்கறப்ப துணி என்ன பண்ணும் பாவம், அதுக்கு மேல வாங்கிக்க காத்துல எடமே இல்ல. ஜீன்ஸ், போர்வை, டர்க்கி டவல் எதையும் இந்த வாரம் தொடாதீங்க, அழுக்கா கெடக்கட்டும். மெல்லிசு துணிய மட்டும் தொவைச்சு, ஒரு காஞ்ச துண்டுக்குள்ள வெச்சு சுருட்டி முறுக்குங்க, பாதி ஈரத்த துண்டே குடிச்சிரும். அப்புறம் ஃபேனுக்கு அடியில இடைவெளி விட்டு போட்டா சாயங்காலத்துக்குள்ள முக்கால்வாசி காஞ்சிரும், மிச்சத்துக்கு அயர்ன் பாக்ஸ். அயர்ன் பண்ணின சூட்டோட ஒரு காட்டன் நைட்டிய எடுத்து மாட்டிப் பாருங்க, எந்த ஸ்டேட்டஸ்லயும் வராத சுகம் அது. (யூனிஃபார்ம அயர்ன் பண்ணி முடிச்ச நிமிஷம் பாத்து டிவியில லீவுன்னு ஸ்க்ரோல் ஓடும், அது வேற கதை.) சாயங்காலம் கொஞ்சம் சாம்பிராணி போட்டு பீரோவ தொறந்து வெச்சு காட்டுங்க, வாடைக்கு அதுக்கு மேல மருந்து இல்ல.

நொறுக்குக்கு புதுசா எதுவும் செய்யாதீங்க. தீபாவளி முறுக்கு, மிக்சர் எங்கயாவது டப்பா அடியில நமுத்துப் போய் கெடக்கும். வெறும் வாணலியில, எண்ணெய் இல்லாம, சின்ன தீயில ரெண்டு நிமிஷம் பெரட்டி ஆறவிட்டா திரும்ப மொறுமொறுன்னு ஆயிரும், இழுத்துக்கிட்ட ஈரம்தானே, சூட்டுல போயிரும். சிக்கு வாடை வந்துட்டா மட்டும் தூக்கிப் போட்டுருங்க.

மதியத்துக்கு மிளகு ரசம். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளி கொஞ்சம் கம்மியா, நுரை கட்டினதும் எறக்கிரணும். சாதம் குழைவா. அப்பளம் பொரிக்க வேணாம், தணல்ல சுட்டா போதும். கூட்டு, பொரியல்னு யாராவது கேட்டா காதுல விழாத மாதிரி இருங்க. ஆனா ஒண்ணு, எல்லாருக்கும் பரிமாறிட்டு கடைசியா உக்காந்தா ரசம் ஆறிப்போயிரும், ஆறின ரசத்துல ஒண்ணுமே இல்ல. குக்கரையும் ரச பாத்திரத்தையும் நடுக் கூடத்துல கொண்டாந்து வெச்சுட்டு நீங்களும் கூடவே உக்காருங்க, வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்.

தண்ணி தேங்கினா ஈபி காரங்க ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அவங்களே லைன ஆஃப் பண்ணிருவாங்க. எல்லாரும் திட்டுவோம். எனக்கு மட்டும் அந்த நேரம் கொஞ்சம் பிடிக்கும், வெளிய சொல்லாதீங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் நின்னப்புறம்தான் மழை எவ்ளோ சத்தமா பேயுதுன்னே தெரியும், வீட்டுக்காரர் மீட்டிங்கும் கட் ஆகியிருக்கும், பசங்க போன வெச்சுட்டு உங்க பக்கத்துல வந்து ஒண்டிக்கும். கொசு கடிக்கத்தான் செய்யும், அத நான் இல்லைன்னு சொல்லல.

மாமியார் பஜ்ஜிதான் வேணும்னா? கேக்கட்டும், பெரியவங்க, ஆசை இருக்காதா. வாழக்காய வீட்டுக்காரர் சீவட்டும், கேமராவ ஆஃப் பண்ணிட்டு சீவலாம், தப்பில்ல. கடலை மாவு ஒரு கப்னா அரிசி மாவு ரெண்டு ஸ்பூன், மிளகாத்தூள், உப்பு, பெருங்காயம், தண்ணி பாத்து ஊத்தணும். சோடா உப்ப அள்ளிப் போட்டுறப் போறாரு, எண்ணெய குடிக்கும், அத மட்டும் பக்கத்துல நின்னு பாத்துக்குங்க. முதல் ஈடு மாமியாருக்கும் உங்களுக்கும். வாணலிய கழுவறதும் அவர்தான்னு முன்னாடியே சொல்லி வெச்சிருங்க, அப்புறம் பேச்சு மாறிரும்.