மாமா சொல்லும் ஃபர்ஸ்ட் குரூப்பும் மகள் கேட்கும் தையல் குரூப்பும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பத்தாம் வகுப்பில் 412 மார்க் எடுத்த மகள், அரசுப் பள்ளியிலேயே ‘நெசவியலும் ஆடை வடிவமைப்பும்’ எடுக்கிறேன் என்கிறாள். உங்கள் அண்ணனோ தனியார் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப்தான் என்று நிற்கிறார். ‘தையல் படிக்கவா இவ்வளவு மார்க் வாங்கினாள்?’ என்று அவர் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. கவலை நியாயம்தான், கேள்விதான் கோணல். டியூஷன் வைத்தும் கணக்கில் 61 வாங்கிய பிள்ளையை இன்னும் இரண்டு வருடம் கணக்கோடு மல்லுக்கட்ட விடுவதில் யாருக்கு என்ன பெருமை?

ஃபர்ஸ்ட் குரூப்பைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆள் நிறைய. மகள் கேட்கும் குரூப் அடங்கிய தொழிற்பிரிவைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978-லிருந்தே தொழிற்பாடங்களும் இருக்கின்றன, ஆனாலும் ‘மார்க் வராதவர்கள் போகிற இடம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது? மிஷின் மிதிப்பது அதில் ஒரு பகுதிதான். ஒரு நூலை எரித்துப் பார்த்து, காகிதம் கருகும் வாசம் வந்தால் பருத்தி, முடி கருகும் வாசம் வந்தால் பட்டு அல்லது கம்பளி, உருகிக் கெட்டி முத்தாகத் திரண்டால் பாலியெஸ்டர் என்று கண்டுபிடிக்கப் பழகுவாள். நெசவும் பின்னலும் எங்கே வேறுபடுகின்றன, சாயம் ஏன் ஒரு துணியில் நிற்கிறது, இன்னொன்றில் ஓடுகிறது என்பதெல்லாம் பாடம். அப்புறம் அளவெடுப்பது, துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் காகிதத்தில் வரைவது, டார்ட் எனும் கூர்மடிப்புத் தையலை எங்கே வைத்தால் துணி உடம்போடு உட்காரும் என்று பார்ப்பது. பேட்டர்ன் கை வந்தவருக்குத்தான் திருப்பூரில் மாஸ்டர் என்ற மரியாதை. பவர் டேபிள் எனும் மோட்டார் தையல் மிஷினில் ஒரே தையலை நாள் முழுக்க ஓட்டுபவருக்கும் அவருக்கும் சம்பளத்தில் பெரிய இடைவெளி உண்டு. வாங்குபவரிடம் பேசி ஆர்டரை முடித்துத் தரும் மெர்ச்சண்டைசர் வேலைக்கும் துணியறிவுதான் அடிப்படை, கூடவே ஆங்கிலமும் வேண்டும். அதில் மட்டும் மகளை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தக் குரூப் எடுத்தால் நீட் கிடையாது, இன்ஜினியரிங்கையும் ஏறக்குறைய மறந்துவிட வேண்டும். அதை மகளிடம் நேராகக் கேளுங்கள். ‘சரி’ என்று அவள் சொன்னால் பேச்சு முடிந்தது.

பணத்துக்கு வருவோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணை இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் கைவிட்டுப் போகும். ஃபீஸும் நீங்கள்தான் கட்டப் போகிறீர்கள், உங்கள் அண்ணன் இல்லை. அதேபோல, பிளஸ் டூ முடிந்ததும் ‘ஃபேஷன் டிசைன் டிப்ளமோ, வேலை நிச்சயம்’ என்று லட்சக்கணக்கில் கேட்கும் இன்ஸ்டிட்யூட் வாசலை மிதிக்காதீர்கள். கடன் வாங்கி அந்தச் சான்றிதழை வாங்க வேண்டியதே இல்லை. கோவை, திருப்பூர்ப் பக்கக் கலைக் கல்லூரிகளில் காஸ்ட்யூம் டிசைன் அண்டு ஃபேஷன் பி.எஸ்சி. இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்டில் பி.டெஸ் எனும் டிசைன் பட்டம் படிக்கவும் குரூப் தடை இல்லை, நுழைவுத் தேர்வு உண்டு. ஆனால் நான்கு வருடச் செலவு பத்து லட்சத்தைத் தாண்டும். உதவித்தொகை உறுதியாகாமல் அந்த ஆசையை வளர்க்க வேண்டாம்.

சேர்க்கும் முன் பள்ளிக்கு நேரில் போங்கள். பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. பாடம் நடத்த ஆள் இருக்கிறாரா, எத்தனை மிஷின் ஓடுகிறது, எத்தனை துருப்பிடித்துக் கிடக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் இல்லையென்றால் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இந்தப் பிரிவு நடக்கும் வேறு அரசுப் பள்ளியை விசாரியுங்கள். அட்மிஷன் முடிவதற்குள் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.