ஹெடர் ஃபைலில் யூசிங் நேம்ஸ்பேஸ்: வெறும் வார்னிங்தானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். சி பிளஸ் பிளஸ் மொழியில் ஹெடர் என்பது பல ஃபைல்கள் இழுத்துக்கொள்ளும் பொது ஃபைல். அதில் யூசிங் நேம்ஸ்பேஸ் என்று எழுதினால் ஒரு தொகுதியின் பெயர்கள் எல்லாம் முன்னொட்டு இல்லாமலே திறந்துவிடும். உங்களுக்கு வார்னிங்காவது வந்திருக்கிறது, எனக்கு அதுவும் வரவில்லை. கிளாங் என்ற கொம்பைலரில்கூட (கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றுவதுதான் கொம்பைலர்) ஹெடர் ஹைஜீன் என்கிற அந்த எச்சரிக்கையைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். தராசு சீரியல் போர்ட்டில் அனுப்பும் எடையை வாசித்து பில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லா ஃபைலும் இன்க்ளூட் செய்கிற ஒரு ஹெடர். அதன் தலையில் பிள்ளையார் சுழி மாதிரி யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி. எஸ்டிடி என்பது மொழியோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பெயர்த்தொகுதி. நான் படித்த வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு "போடு, வேலை செய்யும்" என்றார் சேர். மாதம் மாதம் காசு வாங்கிக்கொண்டு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரும்போக அறுவடை நேரம் ஈரப்பதக் கழிவையும் (நெல்லின் ஈரத்துக்காகக் கழிப்பது) பில்லில் சேர்க்கச் சொன்னார்கள். போன கை சும்மா இருக்காமல் சி பிளஸ் பிளஸ் 14 என்ற பழைய பதிப்பை 17 என்ற அடுத்த பதிப்பாக ஆக்கினேன். நூற்றுக்கு மேல் பிழை. ஒன்றுகூட என் ஃபைலில் இல்லை, எல்லாம் விண்டோஸின் சொந்த ஹெடரில். 'பைட்' என்றால் எந்த பைட் என்று கொம்பைலருக்குத் தெரியவில்லையாம். கோட் எழுதும் விசுவல் ஸ்டூடியோவையே அழித்துத் திரும்பப் போட்டேன். கல்லடியில் என் வீட்டு இன்டர்நெட்டுக்கு அது ஓர் இரவு வேலை. அங்கே ஆலைக் கணக்குப்பிள்ளை இரண்டு நாள் கழிவைக் கையால் எழுதினார்.

நடந்தது இதுதான்: 17இல் எஸ்டிடிக்குள் புதிதாக ஒரு பைட் வந்தது. விண்டோஸிடம் பழைய பைட் ஒன்று ஏற்கெனவே உண்டு. என் ஹெடர் விண்டோஸின் ஹெடரான விண்டோஸ்.எச்சுக்கு முன்னால் நின்று எஸ்டிடி முழுவதையும் திறந்துவிட்டதால் இரண்டும் முட்டிக்கொண்டன. அந்த வரியை நீக்கி, ஸ்ட்ரிங், வெக்டர் என்று நான் எடுத்த எஸ்டிடி பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் எஸ்டிடி போட்டேன். பின்னேரத்துக்குள் சரியாகிவிட்டது.

புதிய பைட்டை மட்டும் மேக்ரோ (கொம்பைலருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கும் ஒரு வரி) போட்டு நிறுத்தலாமே என்று யாராவது வருவீர்கள். நிறுத்தலாம். அதே 17இல் சைஸ், டேட்டா என்ற பெயர்களும் வந்திருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வீர்கள்? யாரும் இழுக்காத உங்கள் சொந்த சிபிபி ஃபைலுக்குள், இன்க்ளூட் எல்லாம் முடிந்தபின் அந்த யூசிங் வரியை எழுதினால் அது உங்கள் வீட்டு விஷயம், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஹெடரில் எழுதினால் அதை இழுக்கிற எல்லோர் வீட்டுக்கும் போகும்.

அந்த வேலைக்கு பில் அனுப்பினேன். "தம்பி, நீங்க உடைச்சத நீங்களே ஒட்டினதுக்கு நான் காசு தரணுமா?" என்றார் முதலாளி. ஈரப்பதக் கழிவு சேர்த்ததற்கான காசும் அதோடு போனது.