பள்ளிப் பையில் கத்தி: போலீஸ் கைது செய்யலாமா?

மாணவர்கள் ஆயுதத்தோடு பிடிபடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, மதுரையில் சிறார் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்: பத்தாவது படிக்கும் என் பையனின் பையில் கத்தி இருந்ததாம். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் சார். கைதா இது?

அம்மா, கத்தியைப் பறிமுதல் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. பையன் விஷயம் வேறு. 18 வயது நிறையாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. 2016-ம் ஆண்டு இளைஞர் நீதி விதிகளில் 8-வது விதியைப் படிக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சமே ஏழாண்டு தண்டனை உள்ள கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோதான் எஃப்ஐஆர். மற்றதற்கு ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். பையனின் நலனுக்குத் தேவைப்பட்டால் ஒழிய, பிடித்து வைக்க வேண்டியதே இல்லை.

அப்படியே பிடித்திருந்தாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கைவிலங்கு கூடாது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், குழந்தைகளுக்கு வருமானம் பார்க்க மாட்டார்கள். "ஒரு ராத்திரி வைத்திருந்து மிரட்டி அனுப்புங்க, திருந்திடுவான்" என்று பெற்றோரே எஸ்ஐயிடம் சொல்வதும் நடக்கிறது. தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உசிலம்பட்டிக்காரர்: புல்லறுக்கும் கருக்கருவாள் பையில் கிடந்தாலும் ஆயுத வழக்கா?

வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்தவை 1959 ஆயுதச் சட்டத்துக்குள் வராது. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் இருப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வாள், ஈட்டி போன்றவை. ஆனால் அதே கருக்கருவாளால் ஒருவனைக் கீறிவிட்டால், அது என்ன கருவி என்று யாரும் பார்க்க மாட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 118-வது பிரிவு வந்துவிடும், மூன்றாண்டு வரை தண்டனை.

செல்லூர் ஆசிரியர்: பள்ளி வாசலில் 20 வயதுப் பையன் ஒருவன் பட்டாக்கத்தியோடு நின்றான். அவனையாவது?

அவன் பெரியவன், அதனால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 35-வது பிரிவின்படி வாரன்ட் இல்லாமலே பிடிக்கலாம். ஏழாண்டுக்கு உட்பட்ட குற்றம் என்றால் கைது ஏன் அவசியம் என்று அதிகாரி எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். பட்டாக்கத்தியோடு பள்ளி வாசலில் நிற்பவனைப் பிடிக்கக் காரணம் எழுத எந்த எஸ்ஐக்கும் சிரமம் இருக்காது.

ஒத்தக்கடை வாசகி: பிடிபட்ட மாணவன் போட்டோ எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது.

அழிக்கச் சொல்லுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவின்படி பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாதச் சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.