22 வயதில் இ.எம்.ஐ. வேண்டாம் சார்

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள். சிவில் இன்ஜினியரிங் முடிக்கப்போகும் மகள், கேம்பஸில் கிடைத்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வீட்டுவசதிக் கொள்கை படிக்கப்போகிறேன் என்கிறாள். அப்படியும் ஒரு வேலை உண்டா என்பது ஒன்று. அந்தச் சம்பளத்தை நம்பி அவள் பெயரில் சோழிங்கநல்லூரில் 50 லட்சத்துக்குப் பேசிவைத்த பழைய ஃபிளாட் கைவிட்டுப் போகுமே என்பது இன்னொன்று. முக்கால் கடிதமும் ஃபிளாட்டைப் பற்றித்தான். அங்கிருந்தே வருகிறேன்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனென்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கடன் 40 லட்சம், கைக்காசு 10 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம். அது நாலரை லட்சம். இந்தச் செலவை வங்கி வீட்டு மதிப்போடு சேர்க்காது. பதினாலரை லட்சத்தை உங்கள் பி.எஃப்.பிலிருந்து எடுத்தாலும், 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் சுமார் 34,700 ரூபாய் அவள் கட்ட வேண்டும். முப்பது வயதில் என்னிடம் வந்து "சார், இனிமேல் வேற ஏதாவது படிக்க முடியுமா?" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். படிப்புக்கு வயது தடையாக இருப்பதில்லை. இ.எம்.ஐ.தான் தடை.

என் கதையையும் சொல்கிறேன். 2009-ல் வாங்கிய என் முதல் வீட்டை விளம்பரத்தாளில் 950 சதுர அடி என்று போட்டிருந்தார்கள். குடிபோன வாரம், கட்டில் வாங்குவதற்காக டேப் பிடித்து அறை அறையாக அளந்து கூட்டினேன். 690 வந்தது. மீதியெல்லாம் மாடிப்படியிலும் லிஃப்ட் பக்கத்திலும் சுவரிலும் இருந்ததாம். கட்டியவர் சிரித்தபடியே சொன்னார்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கெல்லாம் கடிவாளம் போட்டது. கார்ப்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவருக்கு உள்ளே நாம் புழங்கும் பரப்பு, என்றால் என்ன என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஒப்பந்தம் பதியாமல் கட்டுபவர் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. வீடு வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அவர் தனிக் கணக்கில் போட வேண்டும். இந்த வரிகளை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள் அல்லவா? உங்கள் மகள் கேட்பது அந்த வேலையைத்தான்.

நீங்கள் பார்த்த ஃபிளாட்டிலிருந்து பெரும்பாக்கம் பக்கம்தான். ஒருநாள் அவளோடு போய்ப் பாருங்கள். கூவம் கரையிலிருந்தும் நகரின் மற்ற இடங்களிலிருந்தும் கொண்டுவந்து குடிவைத்த குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிகளில் இருக்கின்றன. வீடு கிடைத்தது, சரி. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை இருந்த தெரு தூரமாகிவிட்டது. விடியற்காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மகள் எதைப் படிக்க நினைக்கிறாள் என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

படிப்புக்கு வழி இருக்கிறது. டெல்லியில் திட்டமிடலுக்கும் கட்டடக்கலைக்குமான எஸ்.பி.ஏ. கல்லூரியில், ஹவுசிங் பிரிவிலேயே எம்.பிளான் என்ற திட்டமிடல் முதுகலைப் படிப்பு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்திலும் எம்.பிளான் இருக்கிறது. கொள்கைப் பக்கம் போவதென்றால் மும்பை டிஸ், அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனம். வேலைக்கு என்றால், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., நகர் ஊரமைப்பு இயக்ககம், வீட்டுவசதி வாரியம், 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், வீட்டுவசதிக்குக் கடன் தரும் மத்திய அரசின் ஹட்கோ, ஆய்வு நிறுவனங்கள் என்று இடங்கள் பல. நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இன்று சென்னை, நாளை புவனேஸ்வர். அந்த வருடங்களில் வாடகை வீடுதான் தோது. "வாடகை தண்டம்" என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு விஷயம். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-வில், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 1.80 லட்சம் வரை வட்டி மானியம் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கேயும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக்கூடாது. இப்போதே அவள் பெயரில் ஒரு வீட்டைப் பதிந்துவிட்டால், பின்னாளில் இது போன்ற சலுகைகளுக்குக் கதவு சாத்திவிடும்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். கொடுத்திருந்தால் ரசீதோடு வாருங்கள், மகளையும் கூட்டிவாருங்கள். தாய்ப்பத்திர நகலும் 30 வருட வில்லங்கச் சான்றும் கையில் இருந்தால் எடுத்துவாருங்கள். ஃபிளாட்டோடு சேர்ந்து வரும் நிலப் பங்கு எவ்வளவு என்று அவளே படித்துச் சொல்லட்டும்.