மூன்று நோட்புக்கில் ஒரே கிளாஸ்

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் வேலை. தேயிலைக் கொழுந்து நிறைக் கணக்கை, பைத்தன் நிரலைச் செல் என்ற துண்டுகளாக எழுதி ஓட்டும் ஜூபிட்டரில் போடுகிறேன். மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று நோட்புக். மூன்றிலும் கணக்கு விதிகள் அடங்கிய ஒரே பைத்தன் கிளாஸைக் கொப்பி பண்ணி வைத்திருக்கிறேன். ஒன்றைத் திருத்தினால் மற்றவை மறந்துபோகின்றன. எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: அனுப்பிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மார்ச்சில், குறித்த கிலோவை விட நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். மேயில், குறைந்தாலோ சமமாக இருந்தாலோ அரைப்பேர். கூடுதலாக விழுந்தது ஒரேயொரு சமக்குறிதான். ஆனால் கணக்காகப் பறித்தவருக்கு மார்ச்சில் முழுப்பேர், மேயில் பாதி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சண்டை வருவதற்குள் எது சரி என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கிளாஸை நோட்புக்கிலிருந்து வெட்டி, டாட் பிவை என்று முடியும் தனி ஃபைலில் போட்டு, நோட்புக்குகள் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். மூன்றும் அதை இம்போர்ட் செய்யட்டும், அதாவது அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஃபைலுக்கு, அட்டவணைக் கணக்குக்கான பைத்தன் தொகுப்பான பாண்டாஸின் பேரை மட்டும் வைக்காதீர்கள். உண்மையான பாண்டாஸுக்குப் பதில் உங்கள் ஃபைல்தான் வந்து நிற்கும்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்கடுத்த இடத்தில். ஃபைலைத் திருத்திவிட்டு இம்போர்ட் செல்லை மறுபடி ஓட்டினாலும் பழைய விடையே வரும். பைத்தன் ஒரு மாட்யூலை, அதாவது இம்போர்ட் செய்யும் ஃபைலை, முதல் தடவை மட்டுமே வாசிக்கும். பிறகு நினைவில் இருப்பதையே நீட்டும். நோட்புக்கின் தலையில் ஆட்டோரீலோட் எக்ஸ்டென்ஷனை ஏற்றி, அதை 2 என்ற நிலையில் வையுங்கள். ஒவ்வொரு செல் ஓடும் முன்னும் மாறிய ஃபைலை அதுவே திரும்ப வாசிக்கும். ஆனால் கிளாஸிலிருந்து ஒரு ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போது ஓடும் இனிட்டில் புதிதாக ஒரு விவரம் சேர்த்தால், முன்பே உருவாக்கிய ஆப்ஜெக்ட்டில் அது இருக்காது. அந்த ஆப்ஜெக்ட்டைத் திரும்ப உருவாக்கத்தான் வேண்டும்.

மே நோட்புக்கில் ஈரக் கொழுந்துக்குக் கிலோ கழிக்கும் ஃபங்ஷனை ஒரு செல்லில் எழுதி, கிளாஸில் ஒட்டவைத்திருக்கிறீர்கள். சோதித்துப் பார்க்க நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்த ஒட்டு அந்த நோட்புக்கோடு சரி. அந்தச் செல்லை ஓட்ட மறந்தால் அங்கேயும் இல்லை. வேலை செய்கிறது என்று தெரிந்ததும், மூலக் கிளாஸில் உள்ளதையெல்லாம் அப்படியே பெறும் (இன்ஹெரிட் ஆகும்) சிறிய கிளாஸாக அதே ஃபைலுக்குக் கொண்டுபோங்கள். மழைக் கழிவு வேண்டிய மாதம் அதைக் கூப்பிடட்டும்.

கடைசியில், பின்னால் நிரலை ஓட்டும் கேர்னலை ரீஸ்டார்ட் செய்து, மூன்று நோட்புக்கையும் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். மார்ச் விதிதான் சரியென்றால், மார்ச் தொகை அசையக்கூடாது. மேயில் கணக்காகப் பறித்தவர் இருந்தால், மே தொகை மாறவேண்டும்.